பெலால் புயலில் நனைந்த 540 நாவல்கள்

திருமணமாகி மொரிஷியஸுக்கு நான் வந்தது 2011ஆம் ஆண்டில். மதுரையிலிருந்து புறப்பட்டபோது என் பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே, மாதந்தோறும் மலிவு விலையில் வெளிவந்த ‘மாத நாவல்கள்’ அறுபது இருந்தன. கணவர் இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவருடைய குடும்பத்தினர் கோயிலில் தேவாரம் பாடுவார்கள், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்கள், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயர்தான் வைப்பார்கள். ஆனால் வீட்டில் பேசுவது, பிரெஞ்சிலிருந்து பிறந்த இத்தீவு மொழியான கிரியோல். எனவே முதல் இரண்டு ஆண்டுகளில் நான் வாய்விட்டுத் தமிழ் பேசியது, வாரம் ஒருமுறை அம்மாவுடன் தொலைபேசியில் பேசிய அரைமணி நேரம் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் எனக்குத் துணையாக இருந்தவை அந்த நாவல்கள். கொலை நடந்த பங்களாவில் துப்பறியும் ஜோடியான பரத்தும் சுசீலாவும் பேசிக்கொள்ளும் பேச்சும், கூட்டுக்குடும்பத்துக்கு மருமகளாகப் போன ஒருத்தி சமையலறையில் தனக்குள் முணுமுணுத்துக்கொள்ளும் சொற்களும், மலையடிவாரத்துச் சித்தர் ஒருவர் அமாவாசை இரவில் சொல்லும் புதிரும்தான் என் காதில் தமிழை உயிரோடு வைத்திருந்தன. அதனால் இந்த நாவல்கள் நனைந்தபோது நான் அழுததைப் பார்த்துச் சிலர் வியந்தது எனக்கு வருத்தம் தந்தாலும், அவர்களுக்கு அது புரியாததில் நியாயம் இருந்தது.

ஒவ்வொரு முறை ஊருக்குப் போய்த் திரும்பும்போதும் என் பெட்டியின் எடையில் பாதி புத்தகமாகவே இருக்கும். பழைய புத்தகக் கடைகளில் பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் கட்டுக்கட்டாக வாங்கியவை அவை. 1980களிலும் 1990களிலும் பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் வரிசையாகத் தொங்கிய மாலைமதியும் ராணிமுத்துவும், அவற்றைப் போன்ற வேறு பல மாத நாவல்களும் அவற்றில் இருந்தன. 2017இல் அம்மா காலமான பிறகு, அவர் வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளை வாரம் தவறாமல் கிழித்தெடுத்து, சேர்த்துவைத்து, தெருமுனை அச்சகத்தில் பைண்டு செய்து வாங்கிய 31 தொகுப்புகளும் என்னிடம் வந்தன. அவற்றின் முதல் பக்கத்தில் கதையைப் படித்து முடித்த தேதியையும், ‘முடிவு சரியில்லை’, ‘இந்தப் பெண்ணை இப்படி அழவிட்டிருக்க வேண்டாம்’ என்பன போன்ற ஓரிரு வரிக் கருத்தையும் அம்மா தம் கையால் எழுதியிருப்பார். எல்லாமாகச் சேர்த்து என்னிடம் ஏறத்தாழத் தொள்ளாயிரம் புத்தகங்கள் இருந்தன.

நாங்கள் குடியிருப்பது தலைநகர் போர்ட் லூயியின் ஓரத்தில் உள்ள கனால் டாயோ பகுதியில், தரைத்தளத்தில். 2013ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் தேதி பெய்த திடீர் மழையில் தலைநகரில் பதினொரு பேர் இறந்தார்கள். அன்று இந்தப் பகுதியும் வெள்ளத்தில் மூழ்கியது. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான் என்றாலும், மாடியில் குடியிருந்த அம்மையார் முதல் வாரத்திலேயே தம் முழங்காலைத் தொட்டுக் காட்டி, தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று என்னிடம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன், ஆனால் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டுகளைக் காலி செய்யவில்லை. அதுமட்டுமல்லாமல், இடம் போதாதபோது மிச்சத்தை அட்டைப்பெட்டிகளில் போட்டுத் தரையிலேயே வைத்தேன். பின்னால் நடந்தவை எல்லாம் இந்த ஒரு கவனக்குறைவிலிருந்து வந்தவை. வெள்ளம் வந்த வரலாறு உள்ள இடத்தில் குடியிருப்பவர்கள், பழைய நீர்மட்டம் எதுவென்று அக்கம்பக்கத்தில் கேட்டு, சுவரில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டுக்கு மேல் குறைந்தது ஓர் அடியாவது விட்டு முதல் தட்டைப் பொருத்த வேண்டும். அதற்கு ஒரு மாலைப்பொழுதும் நான்கு இரும்புக் கோணச் சட்டங்களும் போதும்.

2024ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி தைப்பொங்கல். காலையில் மழைக்கு நடுவே சமையலறையிலேயே பொங்கல் வைத்தோம். கணவர் வழக்கம்போல எபேனில் உள்ள அலுவலகத்துக்குப் போயிருந்தார். பெலால் புயல் பக்கத்து ரெயூனியன் தீவைத் தாக்கிக்கொண்டிருப்பதாக வானொலியில் சொன்னார்கள். நண்பகலை ஒட்டி மழை வலுத்து, வாசலில் நின்ற தண்ணீர் மண்ணின் நிறத்துக்கு மாறி, கதவிடுக்கு வழியாக உள்ளே வரத் தொடங்கியது. தலைநகரின் தெருக்களில் கார்கள் மிதந்து ஒன்றன்மேல் ஒன்று மோதிய காட்சிகளைப் பிறகு பலரும் பார்த்திருப்பார்கள். அதே நேரத்தில் நான் எட்டு வயது மகளையும் மாமியாரையும் மாடி வீட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது. எந்தப் பெட்டியை முதலில் தூக்குவது என்று தெரியாமல், கைக்கு எட்டிய இரண்டு பெட்டிகளைத் தூக்கினேன். இரண்டும் அடியில் நனைந்து பிய்ந்து, உள்ளே இருந்தவை தண்ணீரில் கொட்டிவிட்டன. நான் காப்பாற்ற முயன்ற அந்த இரண்டு பெட்டிகளிலும் எளிதில் மறுபடி வாங்கக்கூடிய அண்மைக்கால நாவல்களே இருந்தன. அம்மாவின் தொகுப்புகள் மூன்றடி தள்ளி, அலமாரியின் அடித்தட்டில் நீருக்குள் இருந்தன. விலைமதிக்க முடியாதவை எவை என்று முன்கூட்டியே தீர்மானித்து, அவற்றை மூடியுள்ள ஒரே பிளாஸ்டிக் பெட்டியில், தனியாளாகத் தூக்கக்கூடிய எடையில், உயரமான இடத்தில் வைத்திருந்தால் அன்று நான் யோசிக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

தண்ணீர் இரண்டரை அடிவரை ஏறி, இரவில் வடிந்தது. மின்சாரம் இல்லை. கணவர் நள்ளிரவுக்குப் பிறகே நடந்து வந்து சேர்ந்தார். மறுநாள் விடிந்ததும் விளக்குமாறும் வாளியுமாக இறங்கினோம். அலமாரியின் மேல்தட்டுகளில் இருந்தவை தப்பின. நனைந்தவற்றைப் பின்னர் எண்ணியபோது 540 மாத நாவல்களும், அம்மாவின் தொகுப்புகள் 31உம் இருந்தன.

இந்த இடத்திலிருந்து நான் செய்த பிழைகளை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் வெள்ளம் கெடுத்ததைவிட அடுத்த நான்கு நாள்களில் நான் கெடுத்தவை அதிகம். முதல் பிழை, நனைந்த புத்தகங்களைத் திறந்து பார்த்தது. எந்த நாவல், எவ்வளவு நனைந்திருக்கிறது என்று அறியும் ஆவலில் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மாத நாவல்களின் உள்தாள் செய்தித்தாள் வகையைச் சேர்ந்தது. மரத்தை அரைத்தெடுத்த கூழால் மலிவாகச் செய்வது. அது நீரை வேகமாக உறிஞ்சிப் பருக்கும். ஈரமாக இருக்கும்போது அதற்கு வலுவே இருக்காது. விரல் பட்ட இடமெல்லாம் நீரில் ஊறிய அப்பளம்போலப் பிய்ந்து வந்தது. நனைந்த புத்தகம் மூடியிருந்தால் மூடியபடியே இருக்க வேண்டும். சேறு படிந்திருந்தால், புத்தகத்தை இறுக்கி மூடிப் பிடித்துக்கொண்டு, சுத்தமான தண்ணீர் உள்ள வாளியில் மெதுவாக அமிழ்த்தி எடுத்தால் போதும், தேய்க்கவே கூடாது. மூன்று வாளிகளை வரிசையாக வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாற்றினால் மூன்றாவதில் பெரும்பாலும் தெளிந்துவிடும். சேறு ஒருமுறை காய்ந்து தாளில் பிடித்துக்கொண்டால் பிறகு எதனாலும் போகாது. வெள்ள நீரில் சாக்கடையும் எலியின் சிறுநீரும் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் வருவது அதனால்தான். கையுறையும் ரப்பர் காலணியும் இல்லாமல் நான் இரண்டு நாள் வேலை செய்தேன். காலில் சிறு வெட்டு இருந்த கணவரை நல்லவேளையாக மாடி வீட்டு அம்மையார் தண்ணீரில் இறங்கவே விடவில்லை.

இரண்டாவது பிழை வெயில். 17ஆம் தேதி நல்ல வெயில் அடித்தது. வற்றல் காயவைத்துப் பழகிய கை என்பதால், மொட்டைமாடி முழுவதும் நாவல்களைப் பரப்பினேன். மாலையில் தொட்டுப் பார்த்தபோது மேலே உலர்ந்து முறுகியிருந்தன, மகிழ்ச்சியாக இருந்தது. உண்மையில் அட்டையும் முதல் சில தாள்களும் மட்டுமே காய்ந்து சுருண்டிருந்தன, நடுப்பகுதி ஈரத்துணிபோலவே இருந்தது. ஒரு புறம் சுருங்கி மறுபுறம் பருத்ததால் புத்தகங்கள் படகுபோல வளைந்தன. அட்டை ஓவியங்களின் சிவப்பும் மஞ்சளும் வெளுத்தன. இந்த நாவல்களின் அட்டை ஓவியங்களை வெறும் விற்பனைத் தந்திரம் என்று சொல்பவர்கள் உண்டு. சிவப்பு விளக்கின் கீழ் ஒரு நிழலையும் பாதி திறந்த கதவையும் வரைந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணை இரவெல்லாம் விழித்திருக்கச் செய்த ஓவியர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். அந்த வண்ணங்கள் என் கண் முன்னால் வெளுத்ததுதான் அந்த வாரத்தில் எனக்கு மிகவும் வலித்தது.

மூன்றாவது பிழைதான் மிகப் பெரியது. வீட்டில் படுக்க இடமில்லாததால் 18ஆம் தேதி ரோஸ் ஹில்லில் உள்ள நாத்தனார் வீட்டுக்குப் போனோம். பாதி காய்ந்த நாவல்களை அடுக்கடுக்காக, இடைவெளி இல்லாமல், மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டிகளில் திணித்து எடுத்துச் சென்று, வண்டிக் கொட்டகையில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து, 20ஆம் தேதி மாலையில் மூடியைத் திறந்தபோது எழுந்த வாடையை என்னால் மறக்க முடியாது. பச்சையும் கறுப்பும், சில இடங்களில் இளஞ்சிவப்புமாகப் பூஞ்சை பூத்திருந்தது. ஜனவரி இங்கே கோடைக்காலம். வெப்பமும் ஈரமும் சேர்ந்த காற்றில் நனைந்த தாளில் இரண்டு மூன்று நாள்களுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். அதோடு, அட்டைகள் பளபளப்புப் பூச்சுள்ள தாள் என்பதால், ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தியபோது அந்தப் பூச்சு நீரில் இளகி, பசைபோல ஒட்டிக் காய்ந்துவிட்டது. பத்துப் பத்து நாவல்கள் ஒரே கட்டையாகக் கையில் வந்தன. பிரித்தால் ஒன்றின் அட்டையில் இன்னொன்றின் தலைப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அன்று இரவு எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிடலாம் என்று நானே சொன்னேன். கணவர் பதில் சொல்லாமல், அம்மாவின் தொகுப்புகள் இருந்த தொட்டியை மட்டும் தூக்கிக்கொண்டுபோய் மின்விசிறிக்குக் கீழே வைத்தார்.

அந்த இரவில்தான் சென்னையில் நூலகப் பாதுகாப்புப் பணியில் இருக்கும் என் கல்லூரித் தோழிக்குத் தொலைபேசியில் பேசினேன். முதல் நாளே பேசியிருக்க வேண்டும். மலிவு நாவல்களுக்காக அவளைத் தொந்தரவு செய்வதா என்ற கூச்சத்தில் ஐந்து நாள்களை இழந்தேன். அவள் சிரிக்கவில்லை. கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் சேர்த்துவைத்த நூல்களும் இதழ்களும்தான் 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக உருவெடுத்தன என்பதையும், எவரும் பாதுகாக்க நினைக்காத வெகுசன வெளியீடுகளே முதலில் அழிந்துபோகின்றன என்பதையும் அவள் எனக்கு நினைவூட்டினாள். பிறகு ஒரே கேள்வி கேட்டாள்: “உன்கிட்ட ஃப்ரீசர் இருக்கா?”

இருந்தது. தைப்பூசக் காவடிக்காக நாத்தனார் குடும்பமே விரதம் இருந்த நாள்கள் அவை. காவடி ஜனவரி 25ஆம் தேதி. வீட்டில் மீனோ இறைச்சியோ இல்லை. அவர்களுடைய பெரிய ஃப்ரீசர் பெட்டி கழுவித் துடைக்கப்பட்டுக் காலியாக இருந்தது. நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது நாத்தனார், கிரியோலில் இரண்டு சொல் சொல்லிவிட்டு, மூடியைத் திறந்து விட்டார். நனைந்த புத்தகத்தை உறையவைத்தால் அது காய்ந்துவிடாது; ஆனால் பூஞ்சை வளர்வதும், மை பரவுவதும், அட்டைகள் ஒட்டிக்கொள்வதும் அந்த நிலையிலேயே நின்றுவிடும். வீட்டு ஃப்ரீசரின் சுழியத்துக்குக் கீழே 18 பாகை போதுமானது. ஒவ்வொரு புத்தகத்தையும் வெண்ணெய்த்தாளில் சுற்றி, முதுகு கீழே இருக்கும்படி ஒற்றை வரிசையில் பையில் வைத்து உறையவைக்க வேண்டும். இதை வெள்ளம் வடிந்த முதல் இரண்டு நாள்களுக்குள் செய்வதே முறை. நான் ஐந்தாம் நாளில் செய்தேன், அப்போதும் பலனிருந்தது. உங்கள் வீட்டில் மின்சாரம் இல்லையென்றால், மின்சாரம் உள்ள உறவினர் வீட்டையோ தெரிந்த கடையையோ முதல் நாளே தேடுங்கள். எனக்குக் கிடைத்த கால அவகாசம் முழுவதும் அந்த ஒரு பெட்டியிலிருந்து வந்தது. புத்தகங்களைப் பத்துப் பத்தாக வெளியே எடுத்து, ஏழு மாதங்களில் நிதானமாகக் காயவைத்தேன். விரதம் முடிந்த பிறகும் நாத்தனார் பெட்டியில் பாதியை எனக்கே விட்டுவைத்தார்.

காயவைக்கும் முறையையும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவசரம் இங்கேதான் மிகுதியாகக் கெடுக்கும். உறைந்த புத்தகம் இளகியதும் அதைச் சற்றே விரித்து, அடிவிளிம்பு கீழே இருக்குமாறு உறிஞ்சுதாளின் மேல் நிறுத்தினேன். விரிக்கும் அளவுக்கு நீர் வடிந்த பிறகு, பத்துப் பதினைந்து தாளுக்கு ஒருமுறை அச்சில்லாத வெள்ளைத்தாளை இடையில் செருகினேன். செருகும் தாள் மொத்தத்தில் புத்தகத்தின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முதுகு பிளந்துவிடும். பழைய செய்தித்தாளைச் செருகினால் அதன் மை உங்கள் நாவலில் பதியும். தொடக்கத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும், பிறகு காலை மாலையும் தாளை மாற்ற வேண்டும். மின்விசிறி அறையில் ஓடிக்கொண்டே இருக்கலாம். ஆனால் காற்று நேராகப் புத்தகத்தில் படக் கூடாது. தலைமுடி உலர்த்தும் கருவியும் இஸ்திரிப்பெட்டியும் வேண்டாம். ஆறு நாவல்களை இஸ்திரி போட்டு முதுகுப் பசையை உருக்கிக் கெடுத்த பிறகே இதைச் சொல்கிறேன். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கச் சொல்பவர்களும் உண்டு. மாத நாவல்களில் கம்பிப் பின் இருப்பதால் பொறி பறந்து தீப்பிடிக்கலாம். காய்ந்துவிட்டதா என்பதை விரல் சொல்லாது, கன்னம் சொல்லும். தாளைக் கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும்வரை ஈரம் இருக்கிறது என்று பொருள். குளிர்ச்சி போனதும் இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே கனம் ஏற்றி ஒரு வாரம் விட்டுவிட்டால் வளைவு பெருமளவு நிமிரும்.

கம்பிப் பின்கள் எல்லாம் துருப்பிடித்துத் தாளை அரிக்கத் தொடங்கியிருந்தன. நன்றாகக் காய்ந்த பிறகு அவற்றைக் கத்திமுனையால் நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூலால் தைத்தேன். என் மகள் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாள். பள்ளியில் அவள் தமிழை ஒரு பாடமாகப் படிக்கிறாள், பாடப்புத்தகத்தில் எழுத்துக்கூட்டித் தடுமாறுபவள், தைத்து முடித்த ஒரு துப்பறியும் நாவலின் முதல் பக்கத்தில் “யார் அந்தக் கதவைத் திறந்தது?” என்று இருந்ததை நிறுத்தாமல் படித்துவிட்டு, யார் என்று என்னைக் கேட்டாள். சிறிய வாக்கியம், பேச்சு வழக்கு, அடுத்து என்ன என்ற பதற்றம் ஆகிய மூன்றும் சேரும்போது தயங்கும் நாவுக்கும் தமிழ் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மாலை வேலை எனக்குச் சுமையாகத் தெரியவில்லை.

பூஞ்சை பிடித்தவற்றை வீட்டுக்குள் தட்டித் துடைத்தது இன்னொரு பிழை. மூன்று வாரம் இருமினேன். மருத்துவரிடம் இரண்டு முறை போக வேண்டியிருந்தது. பூஞ்சையைப் புத்தகம் முழுவதும் காய்ந்த பிறகே, திறந்த வெளியில், நல்ல முகக்கவசம் அணிந்து, மென்மையான தூரிகையால் புத்தகத்தின் முதுகிலிருந்து வெளிப்புறமாகத் தள்ள வேண்டும். ஈரத்தோடு துடைத்தால் கறை உள்ளே இறங்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிடுவதே நல்லது.

அம்மாவின் தொகுப்புகளைப் பற்றி எழுத இதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அவற்றில் 19 முழுமையாகத் தப்பின, 8 பகுதியளவில் தப்பின, 4 போய்விட்டன. ஆனால் அம்மாவின் குறிப்புகளில் பாதிக்கு மேல் இப்போது இல்லை. 1990களின் தொடக்கம்வரை அவர் மைப்பேனாவால் எழுதினார். அந்த மை நீரில் கரைந்து, பக்கத்தில் வெளிர்நீலப் படலமாக மட்டும் நிற்கிறது. பின்னாளில் பந்துமுனைப் பேனாவால் எழுதியவை, தாள் பழுத்துச் சுருங்கிய பிறகும், ஓர் எழுத்துகூடக் கலையாமல் இருக்கின்றன. கைப்பேசியால் ஒரு படம் எடுத்திருந்தால் போதுமாயிருந்தது. 31 முதல் பக்கங்களுக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. உங்கள் வீட்டில் பெரியவர்கள் கையெழுத்திட்ட புத்தகம் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

படங்கள் இருந்திருந்தால் பணத்திலும் எனக்கு உதவியிருக்கும். வீட்டுப் பொருள் காப்பீட்டில் குளிர்பதனப் பெட்டிக்கும் மெத்தைகளுக்கும் தொகை கிடைத்தது. நாவல்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. மதிப்பிட வந்தவர் மரியாதையாகவே பேசினார். பட்டியலும் ரசீதும் படமும் கேட்டார். பட்டியல் ஒன்று நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன். அது தரையில் இருந்த பெட்டியிலேயே இருந்து கூழாகிவிட்டது. இப்போது வெளியீட்டின் பெயர், மாதம், ஆண்டு, நிலை ஆகியவற்றைக் கணினியில் பட்டியலிட்டு, அதன் ஒரு பிரதியைத் தோழியிடமும் கொடுத்திருக்கிறேன்.

இழந்தவற்றை மீண்டும் வாங்கிவிடத் துடித்த துடிப்பில் இன்னொரு நட்டமும் ஏற்பட்டது. பழைய நாவல்கள் விற்பதாகச் சொன்ன ஒருவரிடம், 120 நாவல்களுக்கு என்று அனுப்புகூலியும் சேர்த்து 14,000 இந்திய ரூபாயை முழுவதுமாக முன்பணம் அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து வந்த பொட்டலத்தில் 43 நாவல்கள் இருந்தன. பாதி நான் கேட்டவை இல்லை, பதினொன்றில் கடைசிப் பக்கங்கள் இல்லை. கொலைகாரர் யார் என்று தெரியவேண்டிய இடத்தில் கதை முடிந்துபோயிருந்தது. அவருக்கு அனுப்பிய செய்திகளுக்குப் பதில் வரவில்லை. இதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது: ஒவ்வொரு நாவலுக்கும் முன்னட்டை, பின்னட்டை, கடைசிப் பக்கம் ஆகிய மூன்றின் படத்தையும் கேட்பேன், முதலில் ஐந்து மட்டுமே வாங்குவேன், பாதிப் பணம் பொருள் வந்த பிறகுதான். நடுவில் பின் அடித்த நாவல்களில் முதல் தாளும் கடைசித் தாளும் ஒரே காகிதத்தின் இரு பாதிகள் என்பதால், முதல் தாள் கழன்றிருக்கிறது என்று விற்பவர் சொன்னால் கடைசித் தாளும் அநேகமாக இருக்காது. துப்பறியும் நாவலுக்கு அதுவே உயிர். வாடகை நூலகத்து முத்திரை உள்ள பிரதிகளை நான் விரும்பியே வாங்குகிறேன்; அழுக்காக இருந்தாலும் பலரும் முடிவுவரை படித்த புத்தகம் என்பதால் பெரும்பாலும் முழுமையாக இருக்கும்.

எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது என்று தீர்மானிக்கவும் நான் தாமதமாகவே கற்றுக்கொண்டேன். வெகுசன நாவல்களில் கணிசமானவை இப்போது மின்னூலாகவும் மறுபதிப்பாகவும் கிடைக்கின்றன. அத்தகையவற்றை முதல் நாளே ஒதுக்கிவிட்டு, ஒரே மாதம் விற்பனையாகி மறைந்துபோன நாவல்களுக்கும், ஓவியங்களோடு வந்த தொடர்கதைகளுக்கும் என் நேரத்தைக் கொடுத்திருக்க வேண்டும். எங்கும் எளிதில் கிடைக்கும் நாவல்களுக்காக நான்கு மாலைகளைச் செலவிட்டபோது, அமானுஷ்ய நாவல்கள் இருந்த பை வெளியே ஈரத்தில் கிடந்தது. மின்னூலை விலை கொடுத்தே வாங்கினேன். திருட்டுப் பிரதிகளை அனுப்பிவைக்கப் பலர் முன்வந்தாலும், மாதம் தவறாமல் எழுதிப் பிழைத்த எழுத்தாளர்களுக்கு நான் பட்ட கடனை அப்படித் தீர்க்க எனக்கு மனம் வரவில்லை.

கணக்கு இது. 540 மாத நாவல்களில் 290 படிக்கக்கூடிய நிலையில் தப்பின, 36 அட்டையில்லாமல் இருக்கின்றன, 214 போய்விட்டன. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மின்கருவிக்கு 8,500 மொரிஷியஸ் ரூபாயும், வெண்ணெய்த்தாள், வெள்ளைத்தாள், முகக்கவசம், நூல் ஆகியவற்றுக்கு 2,300 ரூபாயும் ஆயின. அந்தக் கருவியை இரண்டாவது மாதத்தில்தான் வாங்கினேன். முதலிலேயே வாங்கியிருந்தால் மேலும் பல புத்தகங்கள் மிஞ்சியிருக்கும். மே மாதம் முதல் காற்று குளிர்ந்து உலரத் தொடங்கியபோது வேலை தானாகவே வேகம் பிடித்தது. புதிய அலமாரியின் முதல் தட்டு தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை இடைவெளி விட்டிருக்கிறேன். இராமபாணப் பூச்சி வராமலிருக்க, துணியில் முடிந்த வசம்பு தட்டுக்கு ஒன்று வைத்திருக்கிறேன். அம்மாவும் அப்படித்தான் வைப்பார்.

அட்டைகள் ஒட்டிக் கட்டையாகிப்போன மூன்று கட்டுகள் இன்னும் நாத்தனார் வீட்டு ஃப்ரீசரில், பட்டாணிப் பைகளுக்கு அடியில் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்க இந்தத் தீவின் மிக வறண்ட மாதமான அக்டோபருக்காகக் காத்திருக்கிறேன். தோழி சொன்ன முறைப்படி, ஓரத்திலிருந்து தொடங்கி, நீராவி காட்டி, மெல்லிய எலும்புத் தகட்டை நுழைத்து, ஒரு நாளைக்கு ஓர் அட்டை வீதம் பிரிக்கப் போகிறேன். மேலே இருக்கும் கட்டில் ஒரு நாவலின் முதுகு மட்டும் தெரிகிறது. அது நான் பதின்மூன்று வயதில், அம்மா தூங்கிய பிறகு, அடுப்படி விளக்கின் வெளிச்சத்தில் படித்தது.